தெற்கிலிருந்து வந்த காற்று

பார்வதி குனிந்து தகரத்தின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினாள். மழை கழுவிவிட்டிருந்தது; ரத்தக்கறை ஏதுமில்லை. நேற்றுச் சாயங்காலம் புயலில் அவள் தம்பி இளஞ்செழியனின் பிடரியில் பாய்ந்த தகரம் இதுதான் என்றார்கள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வந்து சேர இன்னும் நேரமிருந்தது. உப்பளம் பகுதியிலிருந்த தம்பி வீட்டின் முன்னால் ஆட்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கொல்லைக்கு வந்திருந்தாள்.

காலையில் அரியாங்குப்பத்திலிருந்து வந்து இறங்கியதுமே தம்பி மகள் அபி மடியில் ஏறிக்கொண்டு சொன்ன வார்த்தைதான் காரணம்.

“அத்தை, அம்மா தாப்பா போட்டுட்டாங்க. அப்பா வெளிய இருந்தாரு.”

ஆறு வயதுக் குழந்தை. அதற்கு எதற்குப் பொய்?

அந்த நொடியிலிருந்து பார்வதிக்கு எல்லாமே உறுத்தியது. தம்பி மனைவி ஹேமலதா அழவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தாள்: “காத்து நின்னுச்சு. பாத்ரூம் தகரம் தூக்கியிருக்கு, கட்டிட்டு வரேன்னு போனாரு. மறுபடி காத்து வந்துடுச்சு.” நின்ற காற்று எப்படி மறுபடி வரும்? போன மாதம் தம்பி போனில், “வீட்டுக்குப் போவவே புடிக்கலக்கா” என்றதும் இப்போது நினைவுக்கு வந்தது.

நேற்று மத்தியானம் முழுக்க அடித்தது வாடைக்காற்று. கொல்லை முருங்கை தெற்கே சாய்ந்து கிடந்தது. மதிலும் தெற்குப் பக்கமாகத்தான் சரிந்திருந்தது. பாத்ரூம் இருப்பது கொல்லையின் தென்கோடியில். அதன் கூரைத் தகரம் மட்டும் வடக்கே, பின்கதவுப் படி வரை வந்திருக்கிறது. காற்றை எதிர்த்துத் தகரம் பறக்குமா?

“என்னம்மா தேடுற?”

மதில் இடிந்த இடத்தில் பக்கத்து வீட்டு அல்போன்ஸ் நின்றிருந்தார். பழைய துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஒன்னும் இல்லண்ணே. வாடக்காத்துல தகரம் எப்படி வடக்க வந்துச்சுன்னு பாக்கறேன்.”

அவர், “இப்படி வா” என்று தெருவுக்கு அழைத்துப் போனார்.

வேப்பமரம் ஒன்று தெற்கே தலைவைத்து விழுந்திருந்தது. அதன் கிளைகளை நசுக்கிக்கொண்டு மேலே ஒரு பூவரசு, வடக்கே தலைவைத்து.

“கீழ கெடக்கறது மொதல்ல விழுந்தது. மேல கெடக்கறது அப்புறம். புயல்ங்கறது சுத்தற காத்தும்மா. அதோட நடு மையம் தலைக்கு மேல வந்துட்டா காத்து சுத்தமா நின்னுடும். வெளிச்சம்கூட வரும். முடிஞ்சு போச்சுன்னு ஜனங்க வெளிய வந்துருவாங்க. மையம் தாண்டின உடனே எதிர்ப்பக்கத்துலேருந்து ஒரே வீச்சா வரும். நேத்து தெக்கேருந்து வந்துச்சு. வெளிய வராதீங்கன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நானும் ஜன்னல்லேருந்து கத்தினேன். ஒன் தம்பி கைய ஆட்டிட்டு ஏணியில ஏறிட்டாரு.”

பார்வதி இரண்டு மரங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தகரம் வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால், தாழ்ப்பாள்?

உடல் வந்தது. குளிப்பாட்டி மாலை போட்டு மத்தியானத்துக்குள் தூக்கிப் போய்விட்டார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஹேமலதா ஈரத்தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பார்வதி அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“தாப்பா நீதான போட்ட?”

ஹேமலதா மறுக்கவில்லை.

“கதவு பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஆடுச்சு அண்ணி. கதவு தொறந்துகிட்டா உள்ள காத்து பூந்து கூரையத் தூக்கிடும்னு அவருதான் காலையில சொன்னாரு. அபியக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத் தாப்பா போட்டேன். அவரு அல்போன்ஸ் அண்ணன் வூட்டுக்கு ஓடியிருப்பாருன்னு நெனச்சேன்.”

“அவன் தட்டலயா?”

ஹேமலதா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

“சத்தம் கேட்டுச்சு. அவரு தட்டனாரா, காத்து தட்டுச்சான்னு தெரியல அண்ணி. ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுப் பாக்கறேன். தெரியல.”

இதுவும் ஒப்பிப்பதுதானா? பார்வதி அவள் முகத்தில் தேடினாள். முந்தானை நழுவிய இடத்தில், இடது தோளில், கதவின் குறுக்குக்கட்டை அகலத்துக்கு ஊதாவாகக் கன்றியிருந்தது. கதவுக்குத் தோள் கொடுத்திருக்கிறாள். தள்ளி நிறுத்தியது காற்றைத்தானா? அதற்குமேல் யோசிக்கப் பார்வதிக்குத் துணிவு வரவில்லை.

மரம் விழுந்து பஸ் நின்றதால் தாமதமாக வந்த சின்னப்பாப்பா பெரியம்மா, வாசலிலேயே ஒப்பாரி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஹேமலதாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எம்புள்ள வெளிய கெடந்தானாமே. இவ எங்க இருந்தாளாம்?”

ஹேமலதா வாயைத் திறந்தாள். அதற்குள் பார்வதி முந்திக்கொண்டாள்.

“காத்து திரும்பி அடிச்சுது பெரியம்மா. இவ புள்ளைய வச்சுக்கிட்டு உள்ள இருந்தா. வேற என்ன பண்ணுவா?”

பெரியம்மா முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

சட்டென்று கரண்ட் வந்தது. தெருக்கோடி வரை பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கூடத்து மின்விசிறி கிறீச்சிட்டு, மெல்லச் சுற்றத் தொடங்கி வேகமெடுத்தது. ஹேமலதா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பார்வதி எழுந்து போய் விசிறியை அணைத்தாள். அது சுற்றி ஓயும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.