பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஆசிரியர் அறையில் ஒரு சண்டை நடந்தது. 'சுமார்' பெரியதா, 'பரவாயில்லை' பெரியதா என்பதுதான் சண்டை.

பள்ளி நிர்வாகிக்குத் திடீரென்று எல்லோருடைய மனசைப் பற்றியும் கவலை வந்துவிட்டது. மாணவர், ஆசிரியர் என்று ஒருவரையும் விடாமல் மனநலத்தை அளக்க வேண்டும், வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று உத்தரவு போட்டார். நடுவில் மனசைச் சரிசெய்ய ஓர் ஆலோசகரை ஒரு வருஷத்துக்கு மட்டும் வேலைக்கு எடுத்தார். மார்க் ஏறினால் ஆலோசகர் இருப்பார், ஏறாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். மனசு என்ன காய்ச்சலா, கருவி வைத்துப் பார்க்க என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு வகுப்பு இருந்தது.

கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. சின்னப் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று அவற்றைத் தமிழில் போட உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில், அதில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். அடியில் 'மோசம்', ஒரு மார்க். உச்சியில் 'நல்லா இருக்கு', நாலு மார்க். இதில் தகராறில்லை. நடுவில் இருந்த இரண்டு படிகளில்தான் வழுக்கியது.

"சுமார்னா பாஸ் மார்க். பரவாயில்லைங்கறது ஃபெயிலானவனுக்குச் சொல்ற ஆறுதல்" என்றார் விளையாட்டு மாஸ்டர்.

"சமையல் சுமார்னு வீட்டுல ஒரு நாள் சொல்லிப் பாருங்க, மறுநாள் பரவாயில்லைன்னு சொல்லிப் பாருங்க. எதுக்கு அடி விழுதோ அதுதான் சின்னது" என்றார் தமிழய்யா.

"எங்க வீட்டுல ரெண்டுக்கும் விழும்" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வாயைத் திறந்தாள். "சுமாருக்கு ரெண்டு. பரவாயில்லைக்கு மூணு. மணி அடிச்சாச்சு, எல்லாரும் வகுப்புக்குக் கிளம்புங்க."

அவள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் தசமப்புள்ளி. விடை சரியாக இருந்தாலும் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்திருந்தால் பாதி மார்க்கை அறுத்துவிடுவாள். கூட்டிக் கழித்து எண் சொல்லும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள்.

அந்தக் கணக்கு டீச்சருக்கு ஒரு வியாதி இருந்தது. வகுப்பு வாசலில் கால் நின்றுவிடும். இருபது வருஷமாக ஏறி இறங்கிய வாசல்தான். போன வருஷத்திலிருந்து, கதவு கண்ணில் பட்டதும் தொண்டை வறண்டு, நெஞ்சு அடித்துக்கொண்டு, உள்ளங்கையில் சாக்பீஸ் ஊறிப்போகும். உடனே தாழ்வாரக் கோடியில் இருக்கிற குழாயடிக்குப் போய்க் கை கழுவுவதுபோல் நிற்பாள். படபடப்பு அடங்கினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவாள். அவளுக்குச் சுத்தப் பைத்தியம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள், அதுவே ஒரு மறைப்பாக இருந்தது.

வியாதியைவிட, அதற்குக் காரணம் இல்லாததுதான் அவளை அரித்தது. புருஷன் தங்கமானவன். மகள் கல்யாணமாகிச் சௌக்கியமாக இருக்கிறாள். மாமியார்கூட இப்போதெல்லாம் மரியாதையாகப் பேசுகிறார். ஒரு குறையும் இல்லாதவளுக்கு என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொள்வாள். புருஷனிடம் ஒருமுறை லேசாகச் சொல்லிப் பார்த்தாள். "வாயுவா இருக்கும்" என்றார். அவருக்குத் தலைவலி, முழங்கால் வலி, மழை பெய்யாதது எல்லாமே வாயுதான்.

ஆலோசகராக வந்தது ஒரு சின்னப் பெண். விளையாட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பந்து ரப்பர் வாசனை மட்டும் காலியாகவில்லை. "நாம சொல்றதைக் கேக்குற அக்கா" என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொன்னதை ஒன்றாம் வகுப்பு 'கேக் அக்கா' என்று புரிந்துகொண்டது. ஒரு குட்டி நேராக உள்ளே போய்க் கையை நீட்ட, அன்றிலிருந்து அவள் ஒரு டப்பாவில் பிஸ்கட் வாங்கி வைத்தாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கணக்கு டீச்சர் முதன்முதலில் அந்த அறைக்குப் போனபோது வாசலில் நின்றபடி, "சாக்பீஸ் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இல்லையே டீச்சர். உட்காருங்க."

உட்கார்ந்தாள். முழுசாகப் பத்து வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரமும் சாக்பீஸ் கேட்கப் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். மெல்ல மெல்லக் குழாயடிக் கதை வெளியே வந்தது. அந்தப் பெண் ஆச்சரியப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "கால் நிக்கறப்போ என்ன தோணும்?" என்று மட்டும் கேட்டாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. வருஷம் முடிவதற்குள், வியாதி போகாவிட்டாலும் அதோடு நடமாடப் பழகியிருந்தாள். அந்த அறையில் சாக்பீஸ் இருந்ததே இல்லை.

வருஷக் கடைசியில் இரண்டாவது அளவெடுப்பு வந்தது. பள்ளி விட்ட பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கணக்கு டீச்சர் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். அவள் கூட்டல் தப்பாது என்பது அவளுக்கே அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. போன தடவை சராசரி இரண்டு புள்ளி ஒன்பது. இந்தத் தடவை இரண்டு புள்ளி ஆறு. மார்க் இறங்கியிருந்தது.

நாளைக் காலை நிர்வாகி வருகிறார். இந்த எண்ணைப் பார்த்தால் அந்தப் பெண் போய்விடுவாள். அவள் போய்விட்டால் கணக்கு டீச்சருக்கு மறுபடி குழாயடி மட்டும்தான் மிச்சம்.

நேரே அந்த அறைக்குப் போய்ப் போட்டு உடைத்தாள். "மார்க் குறைஞ்சிடுச்சும்மா."

அந்தப் பெண் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். வருத்தத்தை மென்று விழுங்கிவிட்டுச் சிரிக்க முயன்றாள். "பரவாயில்லை டீச்சர்."

கண் கலங்கியிருந்தது. கணக்கு டீச்சர் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "இப்போ ஒரு பரவாயில்லை சொன்னியே, அதுக்கு எத்தனை மார்க்?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கணக்கு டீச்சருக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் பரவாயில்லை என்கிறோம். காய்ச்சல் விட்டாலும் பரவாயில்லை, தையல்காரர் ரவிக்கையைப் பாழாக்கினாலும் பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொன்னால், பசி இருந்தாலும், பரவாயில்லை. கேட்கிறவரை மேற்கொண்டு கேட்கவிடாமல் வாசலோடு திருப்பி அனுப்புகிற வார்த்தை அது. அதைப் போய் அளவுகோலில் மூன்றாவது படியில் உட்கார வைத்தவள் அவள்தான். போன தடவை பள்ளியே அந்தப் படியில் ஏறி உட்கார்ந்திருந்தது, அவளும் சேர்த்து. அந்த வாரம்தான் அவள் குழாயடியில் அதிக நேரம் நின்றாள்.

இந்தத் தடவை அந்தக் கூட்டம் கலைந்திருந்தது. சிலர் மேலே போயிருந்தார்கள், நிறையப் பேர் கீழே.

தலைமையாசிரியையிடம் போய் விவரத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கசங்காத புடவையை மேலும் நீவிவிட்டுக்கொண்டு கேட்கிறவர். எல்லாம் கேட்டுவிட்டு, "சுமாரையும் பரவாயில்லையையும் இடம் மாத்திப் போட்டா என்ன ஆகும், டீச்சர்?" என்றார்.

"மேடம்?"

"அன்னைக்கு மாஸ்டர் அப்படித்தானே சொன்னார்? அவர் சொன்னதும் நியாயம்தானே. வீட்டுல போட்டுப் பாருங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு."

வீட்டில் போட்டுப் பார்த்தாள். எண் அழகாக ஏறியது. போன தடவையுடையது இரண்டு புள்ளி இரண்டாக இறங்கியது, இந்தத் தடவையுடையது இரண்டு புள்ளி ஆறிலேயே நின்றது. யாரும் குற்றம் சொல்ல முடியாத கணக்கு. அதுதான் அவளை உறுத்தியது. பரீட்சை முடிந்து விடைத்தாளைப் பார்த்த பிறகு வினாத்தாளைத் திருத்துகிற வேலை இது. ஒரு மாணவி செய்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்?

புருஷன் எட்டிப் பார்த்தார். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

இந்த முறை வாயு வருவதற்குள் முழுசாகச் சொல்லிவிட்டாள். குழாயடியிலிருந்து, நாளைக்குத் தான் பேச நினைப்பது வரைக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை வெளியில சொல்லப் போறியா? என் தங்கச்சி காதுக்குப் போனா ஒலிபெருக்கி வெச்ச மாதிரி. பிள்ளைங்களைப் பெத்தவங்க என்ன பேசுவாங்க? பைத்தியம் பிடிச்ச டீச்சர்னு."

"பேசுவாங்க."

"இடம் மாத்திப் போட்டுட்டுப் பேசாம இருந்தா என்ன?"

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவரே, "இத்தனை நாள் எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார். குரல் உடைந்திருந்தது. சொன்னேனே என்று சண்டைக்குப் போக நியாயம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போக மனசு வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். நிர்வாகி, தலைமையாசிரியை, அறையைத் திரும்பக் கேட்டு வந்திருந்த விளையாட்டு மாஸ்டர், சுவரோரம் அந்தப் பெண், கையில் காகிதத்தோடு கணக்கு டீச்சர். நிர்வாகி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது.

"ரெண்டு புள்ளி ஒன்பது, சார். இப்போ ரெண்டு புள்ளி ஆறு."

தலைமையாசிரியை சட்டென்று அவளைப் பார்த்தார். நிர்வாகி பெருமூச்சு விட்டார். "அப்போ நான் முடிவு பண்றதுக்கு ஒண்ணுமில்லை. எண்ணே சொல்லிடுச்சே."

"சார், ஒரு நிமிஷம்." அவள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. கதவுக்கு வெளியே நிற்கும்போது என்ன ஆகுமோ அதெல்லாம் கதவுக்கு உள்ளேயே ஆனது. "போன தடவை நூத்துக்கு எண்பது பேர் பரவாயில்லைன்னு டிக் பண்ணாங்க. அதுல நானும் ஒருத்தி. அப்போ எனக்கு வகுப்புக்குள்ள போகவே முடியாது சார். குழாயடியில நின்னு நடுங்குவேன். வீட்டுல கேட்டா பரவாயில்லை. இங்க கேட்டா பரவாயில்லை. தாள்லயும் அதையேதான் டிக் பண்ணேன்."

விளையாட்டு மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"இந்தத் தடவை மோசம்னு டிக் பண்ணேன். என் மார்க் மூணுலேர்ந்து ஒண்ணுக்கு இறங்கிடுச்சு. ஆனா சத்தியமா சொல்றேன், போன தடவைக்கு இப்போ நான் நல்லா இருக்கேன். மோசமா இருந்தா மோசம்னு சொல்ல எனக்கு ஒரு இடம் இருக்கு. என் மார்க் இறங்கினது இந்தப் பொண்ணு செஞ்ச வேலை, சார்."

"மத்தவங்களுக்கும் அப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"சொல்ல முடியாது சார்." அவளுக்குப் பொய் வராது. "எனக்கு என் கணக்குதான் தெரியும். சில பேருக்கு நிஜமாவே மோசமாகியிருக்கலாம். அதுக்கும் அந்த அறையை மூடறது எப்படிச் சரியான விடையாகும்னு எனக்குத் தெரியலை."

நிர்வாகி கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தார். காகிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "இன்னொரு வருஷம் பாக்கலாம்" என்றார். "அடுத்த தடவை அந்த வார்த்தை வேண்டாம். வேற எதையாவது போடுங்க."

"என் பந்தெல்லாம் சார்?" என்றார் விளையாட்டு மாஸ்டர், பழக்க தோஷத்தில்.

"உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெண் வெளியே போகும்போது கணக்கு டீச்சரின் கையை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். விளையாட்டு மாஸ்டர் வாசலில் தயங்கி நின்றார். "குழாயடியில பார்த்திருக்கேன் டீச்சர். கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மத்தியானத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். ஆனாலும் அழுகை வரவில்லை, பசிதான் எடுத்தது.

அவளும் கிளம்பும்போது தலைமையாசிரியை, "கதவைச் சாத்துங்க" என்றார்.

திட்டத்தான் போகிறார் என்று நினைத்துச் சாத்தினாள். தலைமையாசிரியை மேஜைமேல் வரிசையாக இருந்த பேனாக்களை மறுபடி வரிசையாக வைத்தார். நீவிவிட்ட புடவை, படிய வாரிய தலை, எல்லாம் வழக்கம்போல்தான். உதடு மட்டும் நிலையில் இல்லை.

"நான் ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னுதான் டிக் பண்ணேன், டீச்சர்."

கணக்கு டீச்சர் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாக் கேள்விக்கும். கேள்வியைப் படிக்கக்கூட இல்லை." ஒரு பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. "அந்தப் பொண்ணோட அறைக்கு... பெரியவங்களும் போகலாமா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

கணக்கு டீச்சர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வாங்க மேடம், இப்பவே போலாம். நானும் கூட வரேன். இந்தப் பீரியட் எனக்கு ஓய்வுதான்."

பொய். ஒன்பதாம் வகுப்பு அவளுக்காகக் காத்திருந்தது, அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் பெஞ்சுமேல் ஏறியிருப்பார்கள். தலைமையாசிரியைக்கும் அது தெரியும், கால அட்டவணை போட்டவரே அவர்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து அவள் பின்னால் வந்தார்.