முருகன் முதுகில் குழாய்

அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கத்தில் மாடியில் குடியிருந்த வேலாயுதம். எதிரே, சாமி அறை வாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு, கீழ்வீட்டில் இருந்த அவர் தம்பி சேதுபதி. இருவருக்கும் நடுவே தரையில், கையில் சாக்குக்கட்டியோடு குழாய் வேலைக்காரர் நல்லையா. மனு எழுத வந்த நான் சன்னலோரம். வேலாயுதத்தின் மனைவி சிவகாமி மாடியில், கட்டிலில். வாதத்தில் கால்கள் விழுந்த பிறகு அவர் கீழே இறங்கியதில்லை.

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு அடுத்த வருடம் அது. காஜா பேராங் தெருவில் எங்கள் வரிசை முழுவதற்கும் பின்சந்தில் வாளிக் கக்கூஸ்தான். மாடியில் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் ஒன்று கட்ட முனிசிபாலிட்டி அனுமதி வேண்டும். வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் மனுவில் தம்பியின் சம்மதமும் வேண்டும்.

நல்லையா தரையில் கோடு கிழித்தார். "கழிவுக் குழாய் பின்சுவத்துல நேரா இறங்கி தொட்டிக்குப் போவுது. அதையே கூரைக்கு மேல நீட்டிடணும், காத்துக்கு. இல்லாட்டி தண்ணி ஊத்துறப்பெல்லாம் நாத்தத்தத் தடுத்து வளைவுல நிக்கிற தண்ணிய உறிஞ்சிடும். நாத்தம் வீட்டுக்குள்ள வந்துரும்."

"அது என் முருகன் சாஞ்சிருக்கிற சுவரு," என்றார் சேதுபதி. "அவர் முதுகுல பீக்குழாயா?"

"வெளிப்பக்கம்தானே, தம்பி," என்றார் நல்லையா.

"வெளிப்பக்கம்தான்யா முதுகு!"

"சுத்தி வளைச்சுக் கொண்டுபோனா அடைச்சுக்கும்லா."

வேலாயுதம் எழுந்தார். "உங்க அண்ணி சட்டியில போறா. தினம் நான் தூக்கிக் கொட்டுறேன். நீ தூக்குறியா? இல்ல, உன் முருகன் வந்து தூக்குவாரா?"

சேதுபதி மூலையில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்தார். வாங்கி வைத்திருந்த கக்கூஸ் பீங்கான்மேல் ஒரே போடு. சில்லு தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. அடுத்த அடி அண்ணனின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. வேலாயுதம் அடுப்படிக்கு ஓடிப் பாராங் கத்தியோடு வந்தார்.

"சாமி பேரச் சொல்லியாடா என்னை அடிக்கிற!"

வெட்டினார். தடுத்த சேதுபதியின் வலக்கை முழங்கைக்குக் கீழே பிளந்தது. சாக்குக்கட்டிக் கோடுகள்மேல் ரத்தம் ஓடியது. மறுபடியும் ஓங்கியவரின் இடுப்பை நல்லையா கட்டிக்கொள்ள, இருவரும் பீங்கான் சில்லுகளின்மேல் உருண்டார்கள்.

அப்போதுதான் மாடிப்படியைப் பார்த்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் கூச்சலில் யாருக்கும் கேட்காமல், சிவகாமி கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே பாதிப் படிவரை இறங்கியிருந்தார். சேலை நனைந்திருந்தது. படியெல்லாம் நாறியது.

"பாக்காதீங்க," என்றார். "யாரும் என்னைப் பாக்காதீங்க."

வேலாயுதத்தின் கையிலிருந்து பாராங் நழுவியது.

சேதுபதி கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சாமி அறைக்குள் போனார். முருகன் படத்தை இடக்கையால் கழற்றிக்கொண்டு வந்து, முன்கூடத்து ஆணியில் மாட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: "அண்ணன்கிறவன் பேச்ச என்கிட்ட எடுக்காதீங்க. அண்ணிக்குக் குழாய் இறங்கட்டும்."

மறுநாள் தோள் கட்டோடு வேலாயுதம் கையெழுத்திட்டார். சேதுபதி தனியாக என் வீட்டுக்கு வந்து இடப் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். படித்தவர் ஏன் கைநாட்டு வைத்தார் என்று ஆபீசில் கேட்பார்கள். அதனால் கீழே, 'மேற்படி குழாய் விஷயத்தில் வலக்கை காயப்பட்டிருப்பதால்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"பொய் இல்லியே, அண்ணே?"

"இல்ல."

"அப்ப ஒட்டுங்க."

நல்லையாவின் வரைபடத்தை உள்ளே மடித்து வைத்து, உறையைப் பசையால் ஒட்டி, ஜாலான் பெண்டஹாரா தெருத் தபால்பெட்டியில் போட்டேன்.