பெர்பெத்துவாவின் துக்க மணி

என் மாமியார் பெர்பெத்துவாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், கோயில் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. இந்த வாயை யாராவது கட்டிப்போட மாட்டார்களா என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்கியவள் நான். இப்போது நானே கட்டுகிறேன், அதுவும் முணுமுணுக்காமல் மூடிக்கொள்கிறது. ஆனால் இந்நேரம் மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆண் செத்தால் மும்மூன்றாக, பெண் செத்தால் இரண்டிரண்டாக, தெருக்கோடி வரை ஒருவர் பாக்கியில்லாமல் கேட்கும்வரை அடிப்பார்கள். அதைக் கேட்டதும் எங்கள் சான் ஹசிந்தோ ஊரில் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். யார், எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு, சால்வைக்குள் சர்க்கரையோ காப்பித்தூளோ மெழுகுவர்த்தியோ மறைத்து எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

கோயிலுக்குப் போயிருந்த என் கணவர் எவாரிஸ்தோ திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். தோட்ட வேலைக்குப் போகிற வெள்ளைக்காரர்களின் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது அப்படித்தான் சுற்றுவார்.

"அடிக்க முடியாதாம்."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

சரியாம். பெற்ற தாய், சாவு வீட்டு வழக்கப்படி தரையில் போட்ட சுண்ணாம்புச் சிலுவைக்குப் பக்கத்தில் கிடக்கிறாள், மகன் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஊர் ஆம்பிளைகள் அடுத்தவன் புல்வெளிக்குத் தண்ணீர் காட்டிக் காட்டி, வாயில் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சீப்பை அவர் மேலேயே எறிந்தேன். பாவம், அதையும் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் ஏரிக்கரையில் வருஷம் பூராவும் ஒரே மாதிரி வெயில் அடிக்கும். அதற்கு விலை உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. வடக்கே பனியில் நாற்பது வருஷம் உழைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பென்ஷன் அங்கே பாதி மாதத்துக்குத்தான் வருமாம், இங்கே வேலைக்காரி, தோட்டக்காரன், ஏரி பார்த்த மொட்டைமாடி எல்லாம் போக மிச்சமும் பிடிக்குமாம். வந்தார்கள். நல்லவர்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். தெருநாய்களுக்கு ஊசி போட்டார்கள். ஒழுகின கோயில் கூரையை மாற்றித் தந்தார்கள். கூரை மாறின கையோடு ஒரு விண்ணப்பமும் வந்தது. பூசை மணி இருக்கட்டும், அது அழகு. துக்க மணி மட்டும் வேண்டாம். கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்க வந்தவர்களுக்கு அது மனசைப் பிசைகிறது. ஃபாதர் செலெஸ்தீனோ புதுக்கூரையை அண்ணாந்து பார்த்தார், மணிக்கூண்டுக் கதவுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு முதலில் செத்தவர் தையற்காரர் இலாரியோ. விஷயம் என் மாமியார் காதுக்கு எட்டியபோது அவரைப் புதைத்தே ஆகிவிட்டது. கிழவி சர்க்கரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பூரா சாப்பிடவில்லை. மணி அடித்து அவள் போகாத சாவு வீடு இந்த ஊரில் கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறாள், என் கணவரை வயிற்றில் சுமந்துகொண்டு போயிருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

"எனக்கு யாருடி வருவா?" என்றாள் அன்றைக்கு. "மணி இல்லேன்னா ஒருத்திக்கும் தெரியாது. நீ மட்டும் பக்கத்துல குந்தியிருப்பே. கடைசியா உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தானா நான் போய்ச் சேரணும்?"

"நான் அடிக்க வைக்கிறேன் அத்தை. மொதல்ல சூப்பைக் குடி."

"நீயா? உனக்கு உப்பே சரியாப் போடத் தெரியல."

ஆனால் குடித்தாள். நான் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டுதான் குடித்தாள்.

அந்த வாக்குக்காக, எவாரிஸ்தோ எடுத்துக் கொடுத்த சீப்பை வைத்துவிட்டு நானே கோயிலுக்குப் போனேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர், எதையும் சிரித்தபடியே மறுக்கத் தெரிந்தவர்.

"பங்குக்கோயில் போன் குரூப்ல செய்தி போட்டுட்டேன் ஒப்துலியா. நெறைய பேர் கைகூப்புற படம் அனுப்பியிருக்காங்க, பாரேன்." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கைகூப்புன கை ஒரு நாற்காலி தூக்கிட்டு வருமா ஃபாதர்? போனே இல்லாத கிழவிங்கதான் எங்க அத்தைக்கு வேண்டியவங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டா..."

இவர் தலைநகரத்தில் வளர்ந்தவர். செத்த வீட்டார் அடுத்தவர் படியேறிச் செய்தி சொன்னால், சாவையே கொண்டுபோய் அந்தப் படியில் வைத்தது போல. சாவுக்கு இந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மணிதான் கூப்பிடும். அக்கம்பக்கத்தார் அழுகைச் சத்தம் கேட்டு வருவார்கள் என்றால், எங்களுக்கு அக்கம்பக்கமே இல்லை. இரண்டு பக்கமும் விற்றுவிட்டு மலைச்சரிவுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஒரு பக்கம் காலியான நீச்சல்குளம், இன்னொரு பக்கம் வடக்கே பனி கொட்டுகிற மாதங்களில் மட்டும் திறக்கிற பூட்டிய வீடு. நான் எவ்வளவு அலறினாலும் அந்தக் குளத்துக்குத்தான் கேட்கும்.

வீட்டுக்கு வந்து மண்பானையில் பட்டை போட்டுக் காப்பி காய்ச்சினேன். எவாரிஸ்தோ நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார். மெழுகுவர்த்திகள் உருகின. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. நாற்காலிகள் அப்படியே கிடந்தன. கிழவியின் முகத்தைப் பார்த்தேன். துணிக்கட்டுக்கு உள்ளிருந்து 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்வது போல இருந்தது. அவள் எப்போதும் சரியாகத்தான் சொல்வாள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்காது. அப்போதுதான் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது. துக்கமா ஆத்திரமா என்று கேட்டால், ஆத்திரம்தான்.

முதலில் வந்தது லோர்னாம்மா. கனடாக்காரி, கணவரை இழந்தவர். நான் சமைத்துப் போடுகிற வீடு. வாழைப்பழக் கேக் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பேச்சை வகுப்பில் படித்தவர், புத்தகம் போலத்தான் பேசுவார்.

"ஒப்துலியா, மன்னித்துக்கொள். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. யாராவது இறந்தால் மணி அடிக்கும் என்று நீ சொன்னாய். நான் மணியைக் கேட்கவில்லையே?"

அடுப்பிலிருந்த கொதிக்கிற பானையை எடுத்துக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

"எப்படிக் கேக்கும்? நீங்க எல்லாரும் சேந்துதானே வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க. நீங்களும் கையெழுத்து போட்டீங்கதானே?"

அவர் முகம் வெளுத்தது. பொய் சொல்லவில்லை, அது வரைக்கும் சந்தோஷம்.

"போட்டேன். ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் நான் நினைப்பேன், அடுத்தது நான் என்று."

"அடுத்தது நீங்கதான். நானும்தான். அதுக்குத்தாம்மா அந்த மணி!" என் குரல் உயர்ந்தது. எவாரிஸ்தோ கையைக் காட்டி அடக்கப் பார்த்தார். வேலை போய்விடுமே என்ற பயம். போகட்டும். "நாளைக்கு அந்த மொட்டைமாடியில நீங்க விழுந்தா யாரு வருவா? நான் வேலைக்கு வர்ற நாளா இருந்தா நான் வருவேன். இல்லேன்னா வெயில்தான் வரும். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க."

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். கிழவியைப் பார்த்தார். கேக்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

"சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரை வழியாகப் போனோம். கோயில் வாசலில் லோர்னாம்மா, "ஃபாதர், மணிக்கூண்டுச் சாவி தயவுசெய்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஃபாதர் அங்கியைத் தூக்கிவிட்டுக் கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, "தாராளமா, சென்யோரா, தாராளமா" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். நான் கெஞ்சினபோதும் அது அதே பையில்தான் இருந்திருக்கிறது. சாவி கிடைத்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை.

லோர்னாம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் அவரும் கூட வரப் பார்த்தார்.

"நானும் உதவட்டுமா?"

"தொடாதீங்க."

கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டேன். கயிறு சொரசொரப்பாக, தூசி படிந்து தொங்கியது. முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை, புறாக்கள்தான் பறந்தன. அடுத்த இழுப்பில் மணி பேசியது. இரண்டு அடி, ஒரு இடைவெளி. இரண்டு அடி, ஒரு இடைவெளி. கேக்குதா அத்தை? இப்பவாவது உப்பு சரியா இருக்கா?

கொஞ்ச நேரத்தில் ஃபாதர் கதவைத் தட்டினார். "போதும் ஒப்துலியா. எல்லாருக்கும் கேட்டுடுச்சு. எனக்கு போன் மேல போன் வருது."

நான் நிறுத்தவில்லை. உள்ளங்கை தோல் உரிந்து கயிற்றில் ஒட்டியது. சுவரிலிருந்த ஒடுக்கமான சன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. மொட்டைமாடிகளில் வெள்ளைத் தொப்பிகள் எழுந்து நின்றன, ஒரு ஆள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். கீழே ஒரு கதவு திறந்தது. அத்தை வயசுக் கிழவி தோன்யா எஃபிஹேனியா வாசலுக்கு வந்து தலையைச் சாய்த்து, விரல்களை மடக்கி, இரண்டிரண்டா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், சால்வைக்குள் எதையோ வைத்து மூடிக்கொண்டு திரும்ப வந்தாள். எதிர்வீட்டிலிருந்து இன்னொருத்தி வந்தாள், தெருமுக்கிலிருந்து இன்னொருத்தி வந்தாள். யார், எந்த வீடு என்று ஒருவரையொருவர் கேட்டபடி அவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

கோயில் படியில் லோர்னாம்மா கேக்கை நெஞ்சோடு அணைத்தபடி, அவர்கள் பின்னால் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கயிற்றை இன்னும் பலமாக இழுத்தேன்.