கை நீட்டி ஓகே

கம்பெனிக்குள் கன்னியப்பன் ஒரு மனிதன், ஊருக்குள் வேறொரு மனிதன். அவனிடமே சொன்னால் சண்டைக்கு வருவான், ஆனால் உண்மை அதுதான். இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு ஜப்பான்காரன் கம்பெனியில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அங்கே தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் இரும்பு மூக்கு வைத்த ஷூ, இடுப்பில் பெல்ட், வளைவுக்கு வளைவு ஹாரன். ஷிப்ட் முடிந்து ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற தன் ஊருக்கு வந்துவிட்டால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொள்வான். டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவன், மனைவி செங்கமலம், மகள் கவிப்பிரியா, நடுவில் ஒரு கேஸ் சிலிண்டர் என்று நாலு பேராகப் போவார்கள்.

போதாக்குறைக்கு ஊரில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம், மூங்கில் கழி நுனியில் வயரைக் கட்டி, தெருக்கம்பியில் கொக்கி மாட்டிக் கோயில் சீரியல் செட்டுக்கெல்லாம் கரண்ட் கொடுப்பவன் அவன்தான். கொக்கி விழுந்து, பல்பிலேயே செய்த அம்மன் பச்சையும் சிவப்புமாகப் பற்றிக்கொண்டதும் ஊரே ‘ஓ’வென்று கத்தும். பூசாரி அம்மன் மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து முதலில் அவன் கையில்தான் வைப்பார். அந்தப் பழத்துக்காக அவன் வருஷம் பூராவும் காத்திருப்பான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலையொட்டி ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் பகல் முழுக்க ஓடின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த சந்திரலேகா டீச்சருக்கு மணி அடித்துப் பிள்ளைகளை வெளியே விடவே பயமாக இருந்தது. கம்பெனியில் வேலை பார்க்கிற யாராவது வந்து பாதுகாப்பு பற்றிப் பேசினால் நன்றாயிருக்கும் என்று வகுப்பில் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மூன்றாம் வகுப்புக் கவிப்பிரியா எழுந்துவிட்டாள்.

“எங்க அப்பா வருவாரு மிஸ். ஹெல்மெட்டோட வருவாரு.”

விஷயம் வீட்டுக்கு வந்ததும் கன்னியப்பன் குதித்தான். “இன்னாம்மா, என்னக் கேக்காமயே சொல்லிட்டு வந்துகீற?”

“கேட்டா வரமாட்டன்னு சொல்லுவ. அதான் கேக்கல.”

பெற்ற பிள்ளையிடம் தோற்பதில் அவனுக்கு அவமானமே கிடையாது. மறுநாள் நைட் ஷிப்ட் முடிந்து, யூனிபாரத்தோடு, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் நின்றான். அத்தனை சின்னக் கண்களும் ஒரே நேரத்தில் பார்த்ததும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு மொத்தமும் மறந்துபோனது. வேறு வழியில்லாமல், கம்பெனியில் பாதை கடக்கும்போது தினமும் செய்வதைச் செய்து காட்டினான்.

நின்றான். வலது பக்கம் கையை நீட்டி, விரலால் சுட்டி, “வலது ஓகே!” என்றான். இடது பக்கம் நீட்டி, “இடது ஓகே!” கடைசியில், “முன்னாடி ஓகே!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிறகு எல்லாருக்கும் அதைச் செய்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஓகே சத்தத்தில் சத்துணவுக்கூடத்துக் காக்காயெல்லாம் பறந்தன.

சத்தம் அடங்கினதும் கவிப்பிரியா கேட்டாள். “அப்பா, ஓகே இல்லன்னா இன்னா சொல்றது?”

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். அவன் லைனில் அப்படி யாரும் கேட்டதில்லை. அவனே பாதி நாள் டீ நினைப்பில், எதையும் பார்க்காமலே கையை நீட்டி ஓகே சொல்கிறவன்தான். ஆனால் மகள் கேட்கிறாள், பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

“ஓகே இல்லன்னா, ‘ஓகே இல்ல’ன்னு சத்தமா சொல்லணும்மா. பாக்காம ஓகே சொன்னா அது பொய்யி. அப்புறம், ஓகே இல்லன்னு சொன்னவங்கள யாரும் திட்டக் கூடாது.”

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்திரலேகா டீச்சர் வாசல் வரை வந்து, “ரொம்ப நல்லா சொன்னிய அண்ணாச்சி” என்றார். அந்தச் சந்தோஷத்தில் அன்று பகல் அவன் தூங்கவே இல்லை.

அந்த வாரம் ஊர் படாதபாடு பட்டது. ரோட்டோரத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கை நீட்டுவதைப் பார்த்து, லாரிக்காரர்கள் ஏதோ செக்கிங் என்று நினைத்து பிரேக் போட்டார்கள். மாட்டுக்குப் பின்னால் போகுமுன் ஓகே, கிணற்றடியில் ஓகே, டீக்கடைப் பாய்லர் பக்கத்தில் ஓகே. கன்னியப்பன் வீட்டில், அடுப்படியில் குடிதண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயைக் காட்டி, “ஓகே இல்ல!” என்று கத்தினாள் கவிப்பிரியா. செங்கமலம் மறுபேச்சு பேசாமல் எடுத்துப் பரணில் வைத்தாள். சிலிண்டரோடு வண்டியில் வர மாட்டேன் என்று கவிப்பிரியா இறங்கி நடந்தபோது கன்னியப்பன் மூஞ்சி கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் மகள் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் “எங்க அப்பா சொல்லிக் குடுத்தது” என்று சொல்வதைக் கேட்டால் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் ஒரு மழை பெய்து, கோயில் வாசல் சேறும் சகதியுமாகக் கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஊர் கூடிவிட்டது. விழாவை எடுத்து நடத்துகிறவன் புருஷோத்தமன், கன்னியப்பனுக்குப் பெரியப்பா மகன், கோபக்காரன்.

“நேரமாவுது கன்னியப்பா. போட்ரா.”

கன்னியப்பன் அம்மனுக்கு எதிரில் செருப்போடு நிற்கலாமா என்று செருப்பைக் கழற்றினான். சட்டையைக் கழற்றி மஞ்சள் துண்டை இடுப்பில் கட்டினான். மூங்கில் கழியை எடுத்ததும் கூட்டம் தானாக வழி விட்டது. அந்த வழியில் புதுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கவிப்பிரியா ஓடி வந்தாள், பின்னாலேயே பள்ளிக்கூடத்துப் பட்டாளம் முழுவதும்.

“அப்பா, கை நீட்டி சொல்லிட்டுப் போடுப்பா. எல்லாரும் பாக்கட்டும்.”

தடுக்க வரவில்லை அவள். தன் அப்பா செய்வதை ஊரே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவனுக்கும் குஷி பிறந்துவிட்டது. கழியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான்.

“வலது ஓகே!”

“வலது ஓகே!” என்றது பட்டாளம்.

“இடது ஓகே!”

“இடது ஓகே!”

“கீழ?” என்று கவிப்பிரியா எடுத்துக் கொடுத்தாள்.

விரலைக் கீழே நீட்டினான். நீட்டியதால் பார்த்தான். கணுக்கால் வரைக்கும் சேற்றுத் தண்ணீர், அதில் அவனுடைய வெறுங்கால். மேலே பார்த்தான். உறை இல்லாத கம்பியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. கழியிலிருந்து தண்ணீர் வழிந்து மணிக்கட்டைத் தொட்டது. போன வருஷம் கொக்கி போடும்போது கையில் சுள்ளென்று ஏறியதும், அதைச் சிரித்தே மழுப்பியதும் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகள் வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் என்ன சொன்னாலும் அப்படியே சொல்வார்கள். ஓகே என்று அவன் சொன்னால் நாளைக்கு அந்த ரோட்டோரத்தில் நின்று, லாரியைப் பார்க்காமலே ஓகே என்பார்கள்.

“ஓகே இல்ல” என்றான், முனகலாக.

“கேக்கல!” என்றார்கள் பிள்ளைகள்.

“ஓகே இல்ல!”

“ஓகே இல்ல!” என்று பட்டாளம் குதித்துக் கத்தியது.

புருஷோத்தமனுக்குத் தலைக்கேறிவிட்டது. “இன்னாடா ஓகே இல்ல? வருசா வருசம் போட்றதுதான? ஆத்தா இருட்டுல குந்தினு இருக்கணுமா? எவன்டா இந்தப் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாரும் கையை நீட்டி, விரலால் சுட்டி, கன்னியப்பனைக் காட்டினார்கள்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். புருஷோத்தமன் கத்த வாயெடுத்தான். கவிப்பிரியா அவன் எதிரில் போய் நின்றாள். “ஓகே இல்லன்னு சொன்னவங்கள திட்டக் கூடாது பெரியப்பா.”

“குடு, நான் போட்றேன்” என்று ஓர் இளவட்டம் கழியைப் பிடிக்க வந்தான். கன்னியப்பன் விடவில்லை. “நானே போடல. நீ போட்டு உங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?” என்று சொல்லி, கொக்கியைப் பிய்த்து எறிந்தான்.

அந்த நேரத்தில் செங்கமலம்தான் வீட்டுக்கு ஓடி, அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் தெருவே விளக்கும் கையுமாக வந்தது. கடைசியில் புருஷோத்தமனே முணுமுணுத்துக்கொண்டு ஒரு பெட்ரோமாக்ஸைத் தேடி எடுத்து, பம்ப் அடித்து ஏற்றினான். அடுத்த வருஷம் ஈ.பி. ஆபீசில் முறையாகக் கரண்ட் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மன் மங்கலான வெளிச்சத்திலும் அழகாகத்தான் இருந்தாள்.

பூசாரி எலுமிச்சம்பழத்தை எடுத்தார். விளக்கு ஏற்றிய கை என்று புருஷோத்தமன் கையில் வைத்தார். ஊர் ‘ஓ’வென்று கத்தியது.

கன்னியப்பன் கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். செய்தது சரி என்று தெரிந்தாலும் வலிக்கத்தான் செய்தது. இனிமேல் அந்தக் கழிக்கு வேலை இல்லை, அந்தப் பழம் அவன் கைக்கு வரப்போவதில்லை.

கவிப்பிரியா தேடிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் யாருடைய வீட்டு விளக்கோ இருந்தது. விளக்கைத் தூக்கி அவன் தலையைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குனிந்து, சேறு காய்ந்த கால்களைப் பார்த்தாள். பார்க்காமல் சொல்லக் கூடாதல்லவா, அதனால் அவசரப்படாமல் பார்த்தாள். பெற்ற தாய் கூட அவனை இப்படி ஒரு தடவை பார்த்திருப்பாளா என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு நிமிர்ந்து நின்று, கையை நேராக அவன் நெஞ்சுக்கு நீட்டினாள்.

“அப்பா ஓகே!”