பூச்சாட்டு வாரத்தில் ஒரு விருந்து

ஆபீஸ் நண்பர் ஒருவரின் விருந்துக்குப் போய்வந்த நாளிலிருந்து கோமளாவுக்கு ஒரே நினைப்பு. அக்காள்கள் இருவரையும் அந்த இடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவிநாசி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ரெஸ்டாரண்ட் அது. சீனம், தாய்லாந்து, ஜப்பான் மூன்று தேசத்துச் சமையலையும் ஒன்றாகக் கலந்து கொடுக்கிறார்கள் என்று கோயமுத்தூர் முழுக்கப் பேச்சாக இருந்தது. உள்ளே மங்கலான வெளிச்சம், காகிதக் கூண்டு விளக்குகள், காலடியில் கம்பளம்.

பெரியக்கா மாரியாத்தாள் சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் ராட்டையில் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு கடைசித் தங்கை கோமளாவைத் தோட்டங்காட்டு வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைத்தது அவள்தான். அந்தப் படிப்பினால்தான் கோமளா இன்று இன்சூரன்ஸ் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நடு அக்கா துளசிமணி கருமத்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டுத் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து வெளியே சாப்பிட்டது கிடையாது.

புதன்கிழமை பட்டறைக்குப் போன் போட்டு மாரியாத்தாளைக் கூப்பிடச் சொன்னாள் கோமளா.

"இந்தச் சனிக்கிழமை வேண்டாங் கண்ணு. ரெண்டு வாரம் கழிச்சு வாரேன்" என்றாள் மாரியாத்தாள். பின்னால் தறிச் சத்தம் இரைந்தது.

"ரெண்டு வாரம் போனா எனக்கு ஆறாம் மாசம் பொறந்துரும். அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுவாங்க. நான் கூப்பிட்டு நீ எப்பக்கா வந்திருக்கே?"

"சரி கண்ணு, வாரேன். ஆனா ராத்திரி தங்க மாட்டேன்" என்று பதில் வந்தது. ஏன் வேண்டாம் என்றாள், ஏன் தங்க மாட்டாள் என்று கோமளா கேட்கவில்லை. அக்காவுக்குக் கூச்சம் என்று தானே முடிவு செய்துகொண்டாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மூவரும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட பணியாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும்படி கையைக் காட்டினார்.

"நம்மூருக்குள்ள இப்படிக் கோட்டுப் போட்டுட்டு ஒருத்தர் வந்தா, ஜப்திக்கு வந்துட்டாங்கன்னு கதவச் சாத்திருவாங்க" என்றாள் துளசிமணி. மேஜைமேல் இருந்த மூங்கில் குச்சிகளை எடுத்துப் பார்த்தாள். "ஏம்புள்ளே, இத வெச்சா திங்கோணும்? இதுல எடுத்துத் தின்னு முடிக்கறதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிரும்."

"ஸ்பூன் கேட்டா தருவாங்கக்கா" என்று சிரித்தாள் கோமளா. அவளே பட்டியலைப் பார்த்து, யாரையும் கேட்காமல் வரிசையாகச் சொன்னாள். கோழி சூப், இறால் வறுவல், இஞ்சிக் கோழி, முட்டை போட்ட நூடுல்ஸ், தேங்காய்ப் பாலில் செய்த பச்சைக் குழம்பு.

வாசனை மேஜையை நிறைத்தது. மாரியாத்தாள் மட்டும் தட்டைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் கண்ணு. நீங்க சாப்பிடுங்க. மோர் இருந்தா ஒரு டம்ளர் போதும்."

"இங்கே வந்து மோர் கேக்கறியேக்கா."

துளசிமணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். மாரியாத்தாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். துளசிமணி இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வரதராஜுலு வந்தார். கோமளாவின் ஆபீஸ் மேனேஜர். மனைவியோடு நான்காவது மேஜையில் இருந்தவர், கைகழுவப் போகிற வழியில் நின்றார்.

"அட, கோமளாவா. இவங்கல்லாம் யாருங்க?"

"எங்கக்காங்க சார்."

"நெம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டவர் மாரியாத்தாளின் காலித் தட்டைப் பார்த்தார். "அம்மா ஒண்ணும் சாப்பிடலீங்களாட்டம் இருக்குது?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் கோமளாவுக்கு முகம் சூடாகிவிட்டது. அக்காவின் கைத்தறிச் சேலையும், நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்களும், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டையும் அந்த மங்கிய வெளிச்சத்தில் திடீரென்று அவள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தன.

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அவர் போன பிறகு கோமளா அக்காவின் பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு வாய் சாப்பிடுக்கா. எல்லாரும் பாக்கறாங்க. புள்ளத்தாச்சி ஆசையாக் கேக்கறேன், மாட்டேங்கறியே. நாளைக்கு என்ற புள்ளைக்குக் காதுல சீழ் வடிஞ்சா உன்னத்தான் சொல்லுவேன்."

வாயும் வயிறுமாக இருக்கிறவள் ஆசைப்பட்டுக் கேட்டதை மறுத்தால் பிறக்கிற குழந்தைக்கு ஆகாது என்பது அவர்கள் பக்கத்து நம்பிக்கை. கோமளா அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்னால் அக்கா மறுக்க மாட்டாள் என்பது தெரிந்தும் சொன்னாள்.

மாரியாத்தாள் தங்கையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"போடு கண்ணு" என்றாள்.

சூப்பைக் குடித்தாள். கோழியைத் தின்றாள். நூடுல்ஸைக் கையால் சுருட்டி எடுத்து, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "நல்லாருக்குது கண்ணு" என்றாள். கோமளாவுக்கு மனம் குளிர்ந்து போயிற்று. நான்காவது மேஜையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். துளசிமணியின் கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

கைகழுவுகிற இடத்தில் துளசிமணி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டே நீ."

"என்னக்கா?"

"நம்மூர்ல செவ்வாக்கெழமை பூச்சாட்டியாச்சு புள்ளே. கம்பம் நட்டுட்டாங்க."

கோமளாவின் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்தது. மாரியம்மனுக்குப் பூச்சாட்டி விழாவைத் தொடங்கி, கோயில் வாசலில் கம்பம் நட்டுவிட்டால், பொங்கல் முடிகிறவரை ஊரில் கவுச்சி கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. யாரும் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. சிறுமியாக இருந்தபோது அவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள்தான். பட்டணத்தில் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் பங்குனி மாதம் அவளுக்கு ஆபீஸில் கணக்கு முடிக்கிற மாதமாக மாறிப் போயிருந்தது.

"அது மட்டுமில்ல. அக்கா இந்த வருசம் பூவோடு எடுக்கறா. போன தடவ உனக்குக் கலஞ்சு போச்சல்ல, அன்னிக்கே வேண்டிக்கிட்டா. இந்தப் புள்ள நல்லபடியாப் பொறக்கோணும்னு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. நானும் வாயடச்சுட்டுக் கெடந்தேன் பாரு, என்னச் சொல்லோணும்."

கோமளா குழாயை மூடினாள். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றி வருவதுதான் பூவோடு. அதற்குச் சுத்தமாக இருந்து நோன்பு பிடிக்கிறவளை, நாலுபேர் பார்வைக்குப் பயந்து, கோழியைத் தின்ன வைத்தாகிவிட்டது. அதுவும் எந்தக் குழந்தைக்காக அவள் நோன்பு இருந்தாளோ அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லியே.

மேஜைக்குத் திரும்பியபோது மாரியாத்தாள் பணியாளிடம், "உங்களுக்கு எந்தூருங்க? சாப்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் வந்தது. கோமளா அதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் பக்கத்து பூத்திலிருந்து கணவன் பாலகோபாலுக்குப் போன் செய்து, அக்காவோடு ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாள். மாரியாத்தாள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். கோமளா கேட்கவில்லை. மூவரும் பஸ் ஏறினார்கள். கருமத்தம்பட்டியில் துளசிமணி இறங்கிக்கொண்டாள். இறங்கும்போது தங்கையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பஸ் சோமனூர் ரோட்டில் திரும்பியது. இருபுறமும் தறிச் சத்தம்.

"அக்கா, துளசிக்கா சொல்லீட்டா."

மாரியாத்தாள் ஜன்னலைச் சாத்தினாள். "காத்து உனக்கு ஆகாது" என்றாள். அப்புறம், "அவ வாய்க்குப் பூட்டா போட முடியும்" என்றாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லக்கா."

"சொல்லியிருந்தா வருத்தப்பட்டிருப்பே. வயித்துல வெச்சுட்டு வருத்தப்படக் கூடாது."

"இப்ப வருத்தப்படலையா நான்?"

"அதுக்கென்ன பண்றது சாமி. அந்த ஆபீசர் முன்னால நீ தலையக் குனிஞ்சுட்டியா, எனக்கு மனசு கேக்கல."

தான் எதற்காகத் தலை குனிந்தோம் என்பது அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க, கோமளாவுக்கு நோன்பு கெட்டதைவிட அதுவே பெரிதாகப் பட்டது.

"காலைல பூசாரிகிட்டச் சொல்லிப்போடறேன்" என்றாள் மாரியாத்தாள்.

"அக்கா, கோயமுத்தூர்ல சாப்பிட்டது இங்க யாருக்குந் தெரியாதே."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்துவிட்டது கோமளாவுக்கு உறைத்தது. மாரியாத்தாள் கோபிக்கவில்லை. "எனக்குத் தெரியுமல்ல கண்ணு. ஒளிச்சு வெச்சுட்டுச் சட்டியத் தூக்கினா கை நடுங்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் பெண்கள் ஈரச் சேலையோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மூன்று கிளை விட்ட கம்பத்துக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தது. பூசாரி பொங்கியண்ணன் மாரியாத்தாளின் தெருக்காரர்தான். மற்ற நாளில் தறி ஓட்டுகிறவர்.

மாரியாத்தாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் முன்னால் நின்றாள்.

"ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. நேத்துத் தங்கச்சியோட ஓட்டலுக்குப் போயிருந்தேன். வாய்க்கு ருசியா இருக்கவும் ஆசப்பட்டுக் கவுச்சி தின்னுபோட்டேன்."

குடங்கள் நின்றன.

"நோம்பு புடிச்சுட்டுக் கோயமுத்தூர்க் கோழி கேட்டுச்சாக்கும் நாக்கு" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள். மாரியாத்தாள் அவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கப் பார்த்தாள்.

அக்காவின் அந்தச் சிரிப்பைக் கோமளாவால் தாங்க முடியவில்லை. முந்தின இரவு மேஜையில் தான் சிரித்த சிரிப்பும் இதே மாதிரிதான் இருந்திருக்கும் என்று தோன்றியது. முன்னால் வந்தாள்.

"அவ ஆசப்பட்டுச் சாப்பிடலீங்க. நான்தான் சாப்பிட வெச்சேன். எங்க ஆபீசர் வந்து நின்னாருங்க. அவர் முன்னால எங்கக்காளப் பாத்து எனக்கு வெக்கமாப் போச்சு. புள்ளத்தாச்சி கேக்கறேன்னு சொல்லி வற்புறுத்தினேன். பூச்சாட்டு நெனப்பே எனக்கில்லீங்க."

"நீ சும்மா இரு கண்ணு" என்று மாரியாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் சங்கடம்தான். கோயிலுக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"மாரியாத்தா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. தண்ணி ஊத்து, மாவிளக்கு எடு. பூவோடு மட்டும் இந்த வருசம் வேண்டாம். வார வருசம் எடுத்துக்கலாம்."

"சரிங்க" என்றாள் மாரியாத்தாள். அவ்வளவுதான் சொன்னாள். குடத்தைத் தூக்கப் போனவள், அதை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள். அடுத்த வருஷம் பூவோடு எடுக்கலாம். குழந்தை அதுவரை காத்திருக்குமா? இந்த ஆடியில் பிறந்துவிடுமே. கோமளாவுக்கு அக்கா நினைப்பது தெளிவாகத் தெரிந்தது.

சற்று முன்னால் கோழி என்று கேலி பேசிய சாமியாத்தாள்தான் வரிசையை விட்டு விலகி வந்தாள். தறிப் பட்டறையில் மாரியாத்தாளுக்கு அடுத்த ராட்டையில் உட்காருகிறவள். குடத்தைத் தூக்கி மாரியாத்தாளின் இடுப்பில் வைத்தாள்.

"ஏனுங்க பூசாரி, நான் எடுக்கற பூவோட்ட இவ தங்கச்சி கொழந்தைக்குஞ் சேத்தி எடுத்தா ஆகாதுங்களா?"

"உன்ற வேண்டுதல் உன்ற மனசு ஆயா. அதுல நான் என்ன சொல்றது."

"அப்பறம் என்ன. என்ற மருமகனுக்குக் கால் சரியாகோணும்னு எடுக்கறேன். ஒரு கொழந்த கூட ஏறிக்கிட்டாச் சட்டி ஒண்ணுங் கனக்காது." கோமளாவின் பக்கம் திரும்பினாள். "உம்பேரு கோமளாதான? உம்பேரச் சொல்லி வேண்டிக்கறேன் அம்மணி."

அந்தப் பெண்ணைக் கோமளா இதற்குமுன் பார்த்ததாக நினைவில்லை. அப்படிப்பட்டவள், கேட்காமலே அக்காவின் நெருப்பையும் வாங்கிக்கொள்கிறாள். கோமளாவின் கண்ணில் நீர் முட்டியது.

"எம்பேரு வேண்டாமுங்க. எங்கக்கா பேரச் சொல்லி வேண்டிக்குங்க" என்றாள்.

"ஆருக்குப் புள்ள பொறக்கப் போவுது, உனக்கா உங்கக்காளுக்கா?" என்று சாமியாத்தாள் கேட்டதும் மாரியாத்தாள் இந்தமுறை நிஜமாகவே சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரையுஞ் சொல்றேன், போ. ஆத்தா கேட்டுக்குவா."

மாரியாத்தாள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தோடு குழாயடிக்கு நடந்தாள். கோமளா பின்னாலேயே போய்க் குடத்துக்குக் கை நீட்டினாள்.

"உனக்கு இது ஆகாது" என்று மாரியாத்தாள் குடத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். கோமளா போகவில்லை. கொஞ்சம் பொறுத்து, பக்கத்து வீட்டில் ஒரு சிறிய சொம்பை வாங்கிவந்து தங்கையின் கையில் கொடுத்தாள் மாரியாத்தாள். இருவரும் பெண்களின் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.