பல்லுக்காரர் விட்டுப்போன இடம்

பல்செட் கட்டுகிற பல்லுக்காரர் ஊருக்குக் கிளம்பிப் போன ஏழாம் நாள் காலை, அவர் விட்டுப்போன இடம் குளியலறையில் இருந்த எடை மெஷினில் ஏறி நின்றது. எழுபத்திரண்டு கிலோ காட்டியது. பல்லுக்காரர் எழுபத்து நான்கு. அவர் மனைவி பல் துலக்கிக்கொண்டே முள்ளைப் பார்த்தாள். முள் இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பி வந்தபோது சோபாவின் இடது மூலை, அதாவது அவர் வழக்கமாகச் சாய்ந்துகொள்ளும் மூலை, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழி மட்டும் மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது. கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் இவர்களைப் போல அந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவள்தான், இருபது வருஷமாக இருக்கிறாள். "ரீஎன்ட்ரி வாங்கிட்டுத்தானே போனாரு? அப்ப இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அந்த நாட்டின் சட்டம் சுருக்கமானது. பிழைக்க வந்தவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லைக்கு வெளியே காலை வைத்தால், விமானத்தின் கதவைச் சாத்தும்போதே அவருடைய விசா செத்துப்போகும். வேலை, வீடு, மருத்துவ அட்டை எல்லாவற்றையும் அகரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அனுமதி வாங்கிப் போனால் அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கும். அதில் இரண்டு வகை. ஒருமுறை அனுமதி என்றால் ஆள் திரும்பி வந்த நிமிஷமே அது தீர்ந்துவிடும். பலமுறை அனுமதி என்றால் மூன்று வருஷம் செல்லும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். தகப்பனாருக்குக் கண் அறுவை சிகிச்சை, நாற்பது நாள் கூட இருந்துவிட்டு வரவேண்டும் என்று கிளம்பிய பல்லுக்காரருக்கு ஒருமுறை அனுமதியே தாராளம். ஆனால் அவருடைய சகலை பலமுறை வைத்திருந்தார். மனைவியின் அக்கா புருஷனான அந்த மனிதர் அதே நகரத்தில் நான்கு தெரு தள்ளிக் குடியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுவார். அதை வாங்கியதிலிருந்து அவர் பக்கத்து நகரத்துக்குக்கூடப் போனதில்லை.

ஆகவே பல்லுக்காரர், இரண்டு காதும் தெரிய எடுத்த புகைப்படத்துடன் விசா அலுவலகத்தில் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து, ஆறாம் ஜன்னலில் பலமுறை என்ற கட்டத்தில் டிக் அடித்த படிவத்தை நீட்டினார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்து, ஒரு தடவை போகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டாள். இருக்கட்டும் என்றார் இவர். மூன்று வருஷத்துக்கு உங்கள் இடம் இருந்துகொண்டே இருக்கும், பிற்பாடு வேண்டாம் என்றால் அதை மட்டும் தனியாக எடுக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். "நல்லா இருக்கட்டும்" என்றார் பல்லுக்காரர். அவள் முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

ஊரில், தகப்பனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. மனைவி ஃபோனில் பால் வாங்கினேன், துணி துவைத்தேன் என்ற வரிசையில் இதையும் சொன்னாள்.

"அது என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கு. நீங்களும் அதானே பண்ணுவீங்க."

"பேசுதா?"

"பேசாது. ஆனா நான் பேசினா கேக்குதுங்க."

பல்லுக்காரர் சொட்டு மருந்துப் புட்டியை மூடிவைத்தார். அவள் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தைத் தொடவேண்டும் என்று பென்சிலால் கோடு கிழிப்பது அவள் வேலை. பதினான்காம் நம்பர் வண்டி மட்டும் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படாமல் தினமும் ஒன்பது நிமிஷம் பிந்தும். பதினோரு வருஷமாக அவள் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதைப் பற்றித்தான் ஆரம்பிப்பாள். பதினோரு வருஷமாக அவர், அவள் இரண்டாம் நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள், அன்று தான் கட்டிய பல்செட்டைப் பற்றிப் பேச்சை மாற்றிவிடுவார். மெழுகில் பல் பதிக்கும் கைநேர்த்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, வாயிலும் அப்படித்தான். இப்போது பதினான்காம் நம்பர் கடைசி நிறுத்தம் வரைக்கும் போகிறதாம். அவள் பேசப் பேச சோபாவின் குழி மெல்ல அவள் பக்கம் சாய்கிறதாம். இதை அவள் சொன்ன குரலில் ஒரு நிதானம் இருந்தது. அந்த நிதானத்தை அவர் கல்யாணமான முதல் வருஷத்தில் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து அவர் மூன்று வேளை ஃபோன் செய்தார். என்ன நிறச் சேலை, எங்கே உட்கார்ந்திருக்கிறாய், நடுவில் எவ்வளவு இடைவெளி என்று விசாரித்தார். படுக்கையில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, "உங்க பக்கம்தான், வேற எந்தப் பக்கம் படுக்கும்? குறட்டை இல்லைங்க" என்றாள். பத்தொன்பதாம் நாள் அவர் பெட்டியைக் கட்டினார். தகப்பனார் கட்டுப்போடாத கண்ணால் மகனைப் பார்த்து, "அங்க உன் இடத்துல யாராவது உக்காந்துட்டாங்களாடா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் மகன். "யாரு?" என்றதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தார். பலமுறை ஆனதால் இடம் நகரவில்லை. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, நேராகப் போய்த் தன் மூலையில் தடாலென்று உட்கார்ந்தார். நெரிசலான வண்டியில் முன்பின் தெரியாதவர் மடியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி எழுந்துவிட்டார். மறுநாள் ஆறாம் ஜன்னலுக்கு ஓடினார். அந்த அம்மாள் அவரை மறக்கவில்லை. ரத்து செய்யலாம், ஆனால் இடத்தை ரத்து செய்தால் ஆளும் ரத்துதான், முப்பது நாளில் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்றாள். மனைவி இங்கேயே இருப்பாளா என்று கேட்டார். அவள் விசா அவளுடையது, அவள் ஏன் போகப்போகிறாள் என்றாள் அந்த அம்மாள். பல்லுக்காரர் அதைக் கற்பனை செய்து பார்த்தார். தான் அங்கே, அவள் இங்கே, சோபாவில் அது. ரத்துப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பிறகு ஒன்றரை வருஷம் அவர் போட்டி போட்டார். சாப்பாட்டைக் குறைத்து எழுபத்திரண்டுக்கு வந்தார். அது எழுபத்தொன்றரைக்குப் போனது. குறட்டைக்கு மருந்து குடித்தார். படுக்கையின் காலடியில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் போர்வை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பதினான்காம் நம்பரைக் காதுகொடுத்துக் கேட்பது என்று உறுதி எடுத்து, மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நாலாம் நாள், அந்த டிரைவரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று ஒரு வழி சொன்னார். அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் குழியின் பக்கம் திரும்பி மீதியைச் சொன்னாள். வேலை செய்யும் இடத்திலும் நிம்மதி இல்லை. அவர் ஊரில் இருந்தபோது அவருடைய முக்காலி மட்டும் இருந்ததே, அந்தப் பத்தொன்பது நாளும் அறை எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"உனக்கு நான் வேணுமா, அது வேணுமா?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அது இப்படியெல்லாம் கேக்காதுங்க" என்றாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பல்லுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அவள் மட்டும் போவதாக முடிவானது. படிவத்தை நிரப்பியவர் அவர்தான். ஒருமுறை, பலமுறை என்ற இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் அவர் பேனா நின்றது. "உங்களுக்கு மட்டும் பலமுறையா?" என்றாள் அவள். அக்கா வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, புருஷனுக்கும் இருக்கிறது, தனக்கு மட்டும் என்ன குறைச்சல் என்பது அவள் கேள்வி. டிக் அடித்துக் கொடுத்தார்.

அவள் போன ஏழாம் நாள் எடை மெஷின் ஐம்பத்தெட்டு காட்டியது. அன்று மாலை பல்லுக்காரர் கதவைத் திறந்தபோது சோபாவில் இரண்டு குழிகள் இருந்தன. அவர் கையில் ரொட்டிப் பொட்டலத்துடன் நின்று பார்த்தார். இரண்டும் நடுவில் சேர்ந்து ஒரே பள்ளமாக ஆகியிருந்தன. ஒன்று மூச்சு இழுக்கும்போது மற்றது விட்டது. அவர் மனைவியை அழைத்தார்.

"உன்னோடது வந்திருக்கு" என்றார்.

"எங்க உக்காந்திருக்கு?"

"அதுக்குப் பக்கத்துல."

"எவ்வளவு பக்கத்துல?" என்றாள்.

"நடுவுல ஒரு பேப்பர்கூடப் போகாது."

"அப்படி என்ன பேச்சு அதுங்களுக்கு?"

"பேசல. சும்மா இருக்குதுங்க. நல்லா இருக்குதுங்க."

"நடுவுல ஒரு தலையணையை வைங்க" என்றாள் அவள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரலில் நிதானம் இல்லை. அவர் வைத்தார். காலையில் தலையணை தரையில் கிடந்தது. அதன் பிறகு அவள் மூன்று வேளையும் ஃபோன் செய்ய ஆரம்பித்தாள். சாய்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம், யார் முதலில் எழுந்திருக்கிறது என்று கேட்டாள். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் இருந்தும் ஒரு அழைப்பு வந்தது. அவர் பார்த்ததை உள்ளது உள்ளபடி சொன்னார், ஒரு யோசனையும் சொல்லவில்லை. அவள் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே வந்து இறங்கினாள், பெட்டியை வாசலிலேயே போட்டாள்.

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு அனுமதியும் தவறாமல் புதுப்பிக்கப்படுகின்றன, கடைசித் தடவை படிவம் கேட்டு வரிசையில் முதலில் நின்றவர் பல்லுக்காரர். கட்டடச் சங்கத்தின் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நான்கு பேர் என்று எழுதியிருக்கிறது, குப்பைக்கூடை மட்டும் இரண்டு பேருக்கானது. கூடமும் படுக்கையறையும் அவற்றுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் பாய் போட்டுக்கொள்கிறார்கள். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் அவர் சமையலறை வாசலில் நின்று கூடத்தை எட்டிப் பார்ப்பார், அவள் அவர் தோளுக்குப் பின்னால் கால்விரலில் எக்கி நிற்பாள்.

"இன்னைக்கு ரொம்பச் சாஞ்சிருக்கா?" என்பாள்.

"ரொம்ப."

"கொஞ்சம் தள்ளுங்க, எனக்குத் தெரியல."

அவர் தள்ளுவார். ஒருவர் நிற்பதற்கென்று கட்டிய வாசல் அது. இருவரும் நின்று பார்ப்பார்கள்.