காய்ச்சாத பால்

ஆறு மாதச் சினையாக இருந்த பசு செவ்வாய்க்கிழமை காலை சினை கலைந்து கன்று வீசிவிட்டது. குண்டனி நாடு என்ற மலைக்கிராமத்தில் இருந்த பூங்குழலியின் வீட்டுக்குக் கால்நடை மருத்துவர் ரஞ்சிதா வந்துசேர மணி பத்தாகிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு பார்த்தவர், பசுவின் கழுத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்.

"பாலை வெளிய விக்கிறீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. அத்தனையும் சீஸுக்குத்தானுங்க."

"காய்ச்சித்தானே செய்றீங்க?"

"இல்லீங்க, பச்சப் பாலுலதானுங்க."

மூன்று வருடங்களுக்கு முன் மலைச்சாலையில் மண் சரிந்து, பால் வண்டி பத்து நாள் வராமல் போனபோது ஆரம்பித்த வேலை அது. அதற்குமுன் அந்தப் பக்கத்தில் யாரும் சீஸ் செய்ததில்லை. போனில் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முதல் எட்டுக் கட்டிகளும் கெட்டுப்போய்க் குப்பைக்குழிக்குப் போயின. ஒன்பதாவதுதான் தேறியது. பாலைக் காய்ச்சாமல் செய்தால் தனி மணம் வருகிறது என்று அப்போதுதான் கண்டுகொண்டாள். இப்போது வாசலூர்பட்டியில் ஒரு லாட்ஜ், மூன்று மாதம் வைத்துப் பக்குவப்பட்ட கட்டிகளாக மாதம் நான்கு வாங்குகிறது.

"கன்று வீச்சு நோயா இருந்தா பால் வழியா மனுஷங்களுக்கும் வரும்" என்றார் ரஞ்சிதா. "மாசக்கணக்குல காய்ச்சலும் மூட்டு வலியும் விடாது. கர்ப்பிணிங்களுக்குக் கருவே கலைஞ்சுபோகலாம். ரிசல்ட் வர நாலு நாளாகும்."

"லாட்ஜுல இருக்கறது மூணு மாசத்துக்கு முந்தின பாலுங்களே?"

"நோய் எப்ப வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

மருத்துவர் போனதும் அவள் புடவை மாற்றிக்கொண்டாள். கணவன் பூபதி வாசலில் வந்து நின்றான்.

"ரிசல்ட் வரட்டும் புள்ள. இப்பவே போய்ச் சொன்னா அப்பறம் நம்மகிட்ட எவன் வாங்குவான்?"

"அதுக்குள்ள எத்தன பேரு திம்பாங்களோ. நான் போயிட்டு வாரேனுங்க."

அவள் சொன்னதைக் கேட்டதும் லாட்ஜ் மேனேஜர் பிரேம் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினான். மூன்று முழுக் கட்டியும் ஒரு பாதியும் இருந்தன.

"மீதிப் பாதி?"

"காலையில திருச்சிக் குடும்பம் ஒண்ணு சாப்பிட்டுக் கிளம்பிட்டாங்க."

"மாசமா இருக்கற புள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

பிரேமின் முகம் மாறியது. "ஒருத்தங்க இருந்தாங்க."

"போன் போடுங்க."

"எங்க லாட்ஜ் பேரு என்னாகுங்க?"

"அப்ப நம்பரைக் குடுங்க. நானே பேசறேன்."

அவன் தயங்கித் தயங்கி எண்ணைப் போட்டுக் கொடுத்தான். பூங்குழலி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண், "ரெண்டு துண்டு சாப்பிட்டேன்" என்றாள். அவளுடைய கணவன் போனை வாங்கிக் கத்தினான். அவன் ஓயும்வரை பூங்குழலி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்பேரு பூங்குழலிங்க, குண்டனி நாடு. ரிசல்ட் வந்ததும் மொத போன் உங்களுக்குத்தானுங்க."

அடுத்த நான்கு நாளும் பூபதி மூட்டு வலிக்கிறது என்றால்கூட அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் குரல் காதிலேயே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ரஞ்சிதா கூப்பிட்டார். "நோய் இல்லைங்க. பசு எங்கயாவது வழுக்கி விழுந்திருக்கலாம்."

பூங்குழலி முதல் வேலையாகத் திருச்சிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் அழுதாள். எதற்கென்று தெரியாமல் இவளும் அழுதாள்.

பிரேமிடம் சொன்னபோது, "சந்தோஷங்க" என்றான். "ஆனா இனிமே வேண்டாம்னு ஓனர் சொல்லிட்டாருங்க."

பூபதி அதைக் கேட்டுவிட்டு மிளகுக் கொடியைப் பார்க்கப் போனான்.

மறு வாரம் அவள் முதல் தடவையாகச் சீஸுக்கான பாலை அடுப்பில் வைத்தாள். கொதித்துவிட்டால் சரியாக உறையாது. தீயைக் குறைத்துக் குறைத்து அரை மணி நேரம் கிளறிக்கொண்டே நின்றாள். எப்படி வரும் என்று தெரிய இன்னும் மூன்று மாதம் ஆகும்.